கொத்தைச் சுருட்டாக்கும் தவறு

சிங்கப்பூரின் தொடக்கக் கல்லூரி, பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவர்களின் வானியல் செயல்திட்டங்களில் ஒரே படம் திரும்பத் திரும்ப வருகிறது. கார்த்திகைக் கொத்தின் முப்பரிமாண வரைபடம். அதில் கொத்து உருண்டையாக இருக்காது. சுருட்டு மாதிரி நீண்டு, ஒரு முனை நேராகப் பூமியைப் பார்த்தபடி இருக்கும். கீழே "கார்த்திகைக் கொத்து நீண்ட வடிவம் கொண்டது" என்று ஒரு முடிவுரை வேறு. இந்த வேலையில் பழகியவர்களில் பலர் முதல் தடவை இதே சுருட்டைச் சுற்றியவர்கள்தான். ஆனாலும் ஒவ்வொரு முறை பார்க்கும்போதும் எரிச்சல் வரத்தான் செய்கிறது.

ஒளியாண்டு என்பது காலம் அல்ல, ராசி மண்டலம் என்பது கொத்து அல்ல என்பதையெல்லாம் இங்கே சொல்லப்போவதில்லை. அவை எல்லாருக்கும் தெரியும்.

சொல் விஷயம்

"அண்டம்" என்றால் சிலருக்குப் பிரபஞ்சம், சிலருக்குப் பால்வீதி. "விண்மீன் கூட்டம்" என்பதோ எதற்கு வேண்டுமானாலும் பொருந்தும். கட்டுரையின் முதல் பக்கத்திலேயே பொருளைச் சொல்லிவிடுங்கள். இங்கே கொத்து என்பது ஈர்ப்பால் கட்டுண்ட கூட்டம். பேரடை என்பது பால்வீதி, ஆண்ட்ரோமெடா போன்றவை.

ஒவ்வொரு விண்மீனுக்கும் தனித்தனியே தூரம் கணிப்பது

சிங்கப்பூரின் இரவு வானம் எவ்வளவு வெளிச்சமானது என்பதை 2016-இல் வெளியான உலக ஒளிமாசு வரைபடம் சொன்னது: நம் கண் இருட்டுக்கு முழுதாகப் பழகவே முடியாத அளவுக்கு. அதனால் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) மாடியில் தொலைநோக்கி வைப்பதைவிடக் கணினியில் தரவை இறக்கி வேலை செய்வதுதான் இங்கே பலருக்கும் கைவருகிறது. ஐரோப்பிய விண்வெளி முகமை 2013-இல் ஏவிய கையா விண்கலத்தின் மூன்றாம் தரவுத் தொகுப்பு 2022-இல் வந்தது. 140 கோடிக்கும் மேற்பட்ட விண்மீன்களின் இடமாறு கோணம் (பூமி சூரியனைச் சுற்றுவதால் விண்மீன் சற்று இடம் மாறித் தெரியும் கோணம்) அதில் இலவசமாகக் கிடைக்கிறது.

சுருட்டு பிறப்பதும் அங்கேதான். இடமாறு கோணம் மில்லி ஆர்க்வினாடியில் (ஒரு பாகையின் 36 லட்சத்தில் ஒரு பங்கு) இருந்தால், 1000-ஐ அதனால் வகுத்தால் தூரம் பார்செக்கில் (சுமார் 3.26 ஒளியாண்டு) வந்துவிடும். கார்த்திகைக்கு 7.4 எனில் 135 பார்செக், அதாவது சுமார் 440 ஒளியாண்டு. இதுவரை சரி. அடுத்த அடியில்தான் கால் வழுக்குகிறது: பட்டியலில் உள்ள ஆயிரம் விண்மீன்களுக்கும் இதே வகுத்தலைத் தனித்தனியே செய்து, கிடைத்ததை ஆழமாக வரைந்துவிடுகிறார்கள்.

15-ஆம் ஒளித்தரத்தைவிடப் பிரகாசமான விண்மீன்களில் (தர எண் கூடினால் ஒளி மங்கல்) கையாவின் பிழை 0.02 அல்லது 0.03 மில்லி ஆர்க்வினாடிதான். 20-ஆம் தரத்தில் அது 0.5 ஆகிவிடுகிறது. 7.4-இல் 0.5 கூட்டிக் குறைத்துப் பாருங்கள்: ஒரு முனை 413 ஒளியாண்டு, மறுமுனை 472. உறுப்பினர்கள் நூற்றுக்கணக்கில் இருக்கும்போது பிழையின் மூன்று மடங்கு தள்ளி நிற்பவர்களும் இருப்பார்கள். அவர்களையும் சேர்த்தால் 366-இலிருந்து 553 வரை நீளும். உண்மையான கொத்தின் பெரும்பகுதி சில பத்து ஒளியாண்டுகளுக்குள் அடங்கிவிடும். பக்கவாட்டில் ஒரு விண்மீன் எங்கே இருக்கிறது என்பது மிகத் துல்லியமாகத் தெரியும். ஆழத்தில் மட்டும்தான் இந்தத் தள்ளாட்டம். ஆகவே நீளம் எப்போதும் நம் பார்வைக் கோட்டின் திசையிலேயே விழுகிறது.

இன்னொன்றையும் கவனியுங்கள். 440-லிருந்து முன்பக்கம் 74, பின்பக்கம் 113. வகுத்தல் பிழையைச் சமமாகப் பங்கிடாது. தொலைவுப் பக்கமே வால் நீளும். தனித்தனித் தூரங்களின் சராசரியை எடுத்தால் கொத்தே சற்றுத் தள்ளிப்போய்விடும்.

சரியான வழி இது. முதலில் இடமாறு கோணங்களைச் சராசரி எடுங்கள். பிழையின் வர்க்கத்தால் எடை குறைத்து எடுங்கள், பிரகாசமானவை தாமாகவே முன்னுக்கு வரும். கையாவின் கோணங்கள் பொதுவாக 0.017 அளவு குறைவாக இருப்பதால் அதைக் கூட்டிக்கொள்ளுங்கள். கடைசியில் ஒரே ஒரு முறை வகுங்கள். கொத்து முழுவதற்கும் ஒரே தூரம். ஆழப் படம் வேண்டாம்.

0.017 ஒரு பொருட்டா என்று கேட்பவர்கள் வெகு தொலைவில் உள்ள ஓமேகா சென்டாரிக் கொத்தை எடுத்துப் பார்க்கலாம். அதன் இடமாறு கோணமே சுமார் 0.19தான், 0.017-ஐ விட்டுவிட்டால் கிட்டத்தட்ட 9 விழுக்காடு போயிற்று. அங்கே மங்கலான பல விண்மீன்களுக்கு எதிர்மறைக் கோணம் வரும். "தவறான தரவு" என்று அவற்றை அழித்துவிடுகிறார்கள். அழித்தால் நேர்மறைப் பக்கம் விலகியவை மட்டும் எஞ்சி, கொத்து உண்மையில் இருப்பதைவிட அருகே வந்துவிடும். எதிர்மறையும் ஓர் அளவீடுதான், விட்டுவையுங்கள்.

சராசரி எல்லாவற்றையும் காப்பாற்றும் என்றும் நம்பிவிடக் கூடாது. 1997-இல் வந்த, கையாவுக்கு முந்தைய ஹிப்பார்கோஸ் விண்கலத்தின் தரவு கார்த்திகையை 390 ஒளியாண்டுக்கும் அருகே கொண்டுவந்து வைத்தது. 2014-இல் ரேடியோ தொலைநோக்கிகள் சுமார் 440 என்று அளந்தன. கையாவும் அதையே சொன்னது. எல்லா விண்மீன்களிலும் ஒரே பக்கம் சாய்ந்த பிழையைச் சராசரி கரைக்காது.

கன்னிக் கொத்திலும் அதே சுருட்டு

பேரடைகளில் இடமாறு கோணத்துக்குப் பதில் செம்பெயர்ச்சி வேகம், அதாவது ஒளி சிவப்புப் பக்கம் நகர்வதிலிருந்து கணிக்கும் விலகல் வேகம். அதை 70-ஆல் வகுத்தால் தூரம் மெகாபார்செக்கில் (10 லட்சம் பார்செக்) வரும் என்று பாடத்தில் படித்ததை அப்படியே கன்னிக் கொத்தின் மீது போடுகிறார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட பேரடைகள் கொண்ட அந்தக் கொத்து சுமார் 5.4 கோடி ஒளியாண்டு தொலைவில் இருக்கிறது. உள்ளே அவை ஒன்றையொன்று இழுத்தபடி வினாடிக்குப் பல நூறு கி.மீ. வேகத்தில் சுற்றித் திரிகின்றன. 2,000 கி.மீ. வேகம் காட்டும் உறுப்பினருக்கு 9 கோடி ஒளியாண்டுக்கு மேல் விடை வரும். எம்86 பேரடையோ வினாடிக்கு 240 கி.மீ.க்கு மேல் நம்மை நோக்கி வருகிறது. அதன் தூரம்? எதிர்மறை! இதைக் கண்டதும் கணினி நிரலில் பிழை என்று நினைத்து இரவெல்லாம் தேடிய மாணவர்கள் உண்டு. நிரலில் ஒன்றுமில்லை.

1986-இல் வெளியான புகழ்பெற்ற பேரடை வரைபடத்தில் ஒரு குச்சி மனிதன் தெரிவான். அவன் உடம்பு கோமா கொத்து. நம்மை நோக்கி நீண்ட அந்த உடம்பு, உள்ளே திரியும் வேகம் தூரமாக வேடம் போட்டதால் வந்தது. வானியலாளர்கள் இப்படிப்பட்ட நீட்சிகளுக்குக் "கடவுளின் விரல்கள்" என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

உறுப்பினர்களின் வேகத்தைச் சராசரி எடுத்து, எல்லாருக்கும் ஒரே தூரம் கொடுங்கள். கன்னிக் கொத்தின் சராசரி வினாடிக்குச் சுமார் 1,100 கி.மீ.; வகுத்தால் 5 கோடி ஒளியாண்டுக்குச் சற்று மேலே வரும், ஒப்புக்கொள்ளக்கூடிய விடை. சராசரியிலிருந்து விலகும் வேகங்களைக் குப்பையில் போடாதீர்கள். 1933-இல் ஃபிரிட்ஸ் ஸ்விக்கி கோமா கொத்தின் அந்தச் சிதறலை வைத்துத்தான், கண்ணுக்குத் தெரியும் பொருள் அதைக் கட்டிவைக்கப் போதாது என்று சொன்னார். தூரமென்று நீங்கள் வீணாக்கும் எண் உண்மையில் கொத்தின் எடை.

யார் உறுப்பினர்?

கார்த்திகையைச் சுற்றி 2 பாகை வட்டம் போட்டால் பல்லாயிரம் விண்மீன்கள் வரும். உறுப்பினர் ஆயிரத்துச் சொச்சம். பிரித்தெடுப்பது வானத்தில் அவை நகரும் வேகம்: ஆண்டுக்குக் கிழக்கே சுமார் 20, தெற்கே சுமார் 45 மில்லி ஆர்க்வினாடி. வேக வரைபடத்தில் அந்தப் புள்ளியைச் சுற்றி 5 மில்லி ஆர்க்வினாடி ஆரத்தில் வெட்டினால் கூட்டம் தெளிந்துவிடும். அடுத்து இடமாறு கோணத்தால் வெட்டும்போது எல்லாருக்கும் ஒரே அகலம் வைக்காதீர்கள். அந்தந்த விண்மீனின் பிழையைப் போல 3 மடங்கு வையுங்கள். ஒரே அகலம் வைத்தவர்கள் மங்கலான உறுப்பினர்களை வெளியே தள்ளிவிட்டு, "இக்கொத்தில் சிறிய விண்மீன்கள் குறைவு" என்று எழுதுகிறார்கள்.

ரூவி என்பது அளவீடு ஒற்றை விண்மீனுக்கு எவ்வளவு பொருந்துகிறது என்று காட்டும் கையாவின் தர எண்; அது 1.4-க்கு மேல் உள்ளவற்றை வெட்டுவதும் அப்படித்தான். இரட்டை விண்மீன்கள் அந்த வெட்டில் நிறைய அடிபடும். பிறகு நிறம்–பிரகாச வரைபடத்தில் பெரும்பாலான விண்மீன்கள் விழும் முதன்மைக் கோட்டுக்கு 0.75 ஒளித்தரம் மேலே வரவேண்டிய இரட்டையர் கோடு மெலிந்துவிட்டதே என்று தேடிப் பயனில்லை.

ரோகிணி

ஹயாடெஸ் கொத்துக்குள் தெரிகிறது, உறுப்பினர் இல்லை. அது 65 ஒளியாண்டில், கொத்து 150-இல்.

ஸ்டீஃபனின் ஐவர்

ஐந்து பேரடைகளின் குழு என்று பெயர், உண்மையில் நால்வர். ஐந்தாவது பேரடை வெகு முன்னால் நிற்கிறது, 4 கோடி ஒளியாண்டில். மற்றவை சுமார் 29 கோடியில்.

லனியாகியாவைக் கொத்து என்பது

2014-இல் பிரென்ட் டல்லியின் குழு பேரடைகளின் ஓட்டத்தை வைத்து வரைந்த, நம் பால்வீதியும் உள்ள பகுதி அது. சுமார் 52 கோடி ஒளியாண்டு அகலம், ஏறத்தாழ 1 லட்சம் பேரடைகள். ஆற்றுப்படுகை போல எண்ணிக்கொள்ளலாம்: நீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதே எல்லையைத் தீர்மானிக்கிறது. ஈர்ப்பு அதை ஒன்றாகக் கட்டிவைக்கவில்லை. பிரபஞ்ச விரிவு அதைப் பிரித்துவிடும். கன்னிக் கொத்து நம்மை இழுக்கிறது, ஆனாலும் விலகிக்கொண்டேதான் போகிறது. நாம் உண்மையில் கட்டுண்டிருப்பது 25 லட்சம் ஒளியாண்டில் உள்ள ஆண்ட்ரோமெடாவோடும் சின்னச் சின்னப் பேரடைகளோடும்தான். வரைபடத்தில் இரண்டுக்கும் ஒரே மாதிரி வட்டம் போடாதீர்கள்; கட்டுண்டதற்கு முழுக்கோடு, மற்றதற்குப் புள்ளிக்கோடு.

ஓமேகா சென்டாரி

ஜூன் தொடக்கத்தில் இரவு 10 மணி வாக்கில் சிங்கப்பூரின் தென்வானில் 41 பாகை உயரத்தில் நிற்கும். ஏதோ ஒரு குறும்பேரடையைப் பால்வீதி விழுங்கியபின் எஞ்சிய கரு என்று கருதப்படுகிறது. உருண்டைக் கொத்துகளின் (பந்துபோல் நெருங்கிய பழைய விண்மீன் கூட்டங்களின்) பட்டியலிலேயே போடுங்கள். பக்கத்தில் ஒரு கேள்விக்குறியோடு.