மரண ஆயத்தம்: கிறிஸ்தவக் குடும்பங்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"அம்மாவுக்கு மட்டும் சொல்லிவிடாதீர்கள், டொக்டர்." கொழும்பு வைத்தியசாலைகளில் பிள்ளைகள் வைத்தியரிடம் கெஞ்சும் முதல் வார்த்தை பெரும்பாலும் இதுதான். அன்பினால் கெஞ்சுகிறார்கள், அதில் சந்தேகமில்லை. ஆனாலும், மரணத்தை நெருங்கும் ஒரு கிறிஸ்தவருக்கு அவருடைய குடும்பம் செய்யக்கூடிய மிகப் பெரிய அநியாயம் நோயின் நிலையை இப்படி மறைப்பதே என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

வேதாகமத்தில் எசேக்கியா ராஜா சாகக் கிடந்தபோது ஏசாயா தீர்க்கதரிசி அவனிடம் ஒளிக்கவில்லை. வீட்டுக் காரியங்களை ஒழுங்குபடுத்து, நீ பிழைக்கமாட்டாய் என்று நேரே சொன்னார். ராஜா சுவர்ப்புறமாகத் திரும்பி அழுது ஜெபித்தான். உண்மை தெரிந்ததால்தான் அந்த ஜெபம் பிறந்தது. நாம் மறைக்கும்போது நோயாளியிடமிருந்து, குருவிடம் பாவங்களை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனத்தையும், மன்னிப்புக் கேட்கும் வாய்ப்பையும், பிள்ளைகளை ஆசீர்வதித்து விடைபெறும் நேரத்தையும் பறித்துக்கொள்கிறோம். அதுவும் பலனில்லாமல். உடல் சொல்வதை அவர் ஏற்கெனவே அறிந்திருப்பார். பிள்ளைகள் கலங்கக்கூடாதென்று அவர் நடிப்பார், அவர் கலங்கக்கூடாதென்று பிள்ளைகள் நடிப்பார்கள். கடைசியில் அவர் தன் பயத்தோடு தனியே கிடப்பார்.

உண்மையைச் சொல்வது என்றால் போட்டு உடைப்பது என்று அர்த்தமல்ல. "டொக்டர் உங்களுக்கு என்ன சொன்னார்? நாங்கள் பேசட்டுமா?" என்று கேட்டுவிட்டுக் காத்திருங்கள். அறிய விரும்பாதவரை வற்புறுத்த வேண்டாம். கேட்கிறவருக்குப் பொய் சொல்லவும் வேண்டாம்.

இந்த மறைப்பிலிருந்து அடுத்த தவறு தானாக வருகிறது: குருவானவரைக் கடைசி நிமிடத்தில் அழைப்பது. "பாதரைக் கண்டால் அப்பா பயந்துவிடுவார்" என்பார்கள். சாகும் நேரத்தில் மட்டும் அழைத்துப் பழகியதால் வந்த பயம் அது. நோயாளிக்கு எண்ணெய் பூசி ஜெபிக்கும் நோயில் பூசுதல் கடைசி மூச்சுக்கு மட்டுமான அருட்சாதனம் அல்ல என்பதை, கத்தோலிக்க ஆயர்களின் பொதுப்பேரவையான இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இலேயே தெளிவாக்கியது. கடும் நோய் கண்டவர், ஆபத்தான நோய்க்காகச் சத்திரசிகிச்சைக்குப் போகிறவர், முதுமையால் மிகவும் தளர்ந்தவர் எல்லோரும் பெறலாம். நோய் முற்றினால் மீண்டும் பெறலாம். இறந்தவருக்கு அது கொடுக்கப்படுவதில்லை. சுயநினைவு போன பிறகு அழைத்தால் பூசுதல் கிடைக்கும். ஆனால் பாவசங்கீர்த்தனம் செய்ய வாய் திறக்காது, வழியுணவாகிய கடைசி நற்கருணையை விழுங்கவும் முடியாமல் போகும். கத்தோலிக்கருக்குப் பயணத்தின் கடைசி அருட்சாதனம் அந்த வழியுணவுதான். தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே, நள்ளிரவில், கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் எந்தக் கோவில் பங்கில் எந்தக் குரு இருக்கிறார் என்று தொலைபேசி இலக்கம் தேடுவது ஆயத்தம் ஆகாது.

வெளியே நடமாட முடியாதவர் வீட்டில் இருந்தால் இந்த வாரமே பங்கு அலுவலகத்தில் பெயர் கொடுங்கள். மெதடிஸ்த, அங்கிலிக்கன் சபையினரும் போதகரிடம் சொல்லி, வீட்டிலேயே திருவிருந்து பெறலாம். மாதந்தோறும் வந்து போகிற குருவைக் கண்டு யாரும் பயப்பட மாட்டார்கள்.

புரட்டஸ்தாந்து சீர்திருத்தத்தைத் தொடங்கிய மார்ட்டின் லூதர் 1519இல் மரண ஆயத்தத்தைப் பற்றி ஒரு பிரசங்கம் எழுதினார். உயிரோடு இருக்கும் நாட்களில் மரணத்தைக் கண்முன் நிறுத்திப் பழகுங்கள், மரண நேரத்திலோ அதைப் பாராமல் கிறிஸ்துவைப் பாருங்கள் என்பது அதன் சாரம். நாம் செய்வது நேர்மாறு. சுகமாக இருக்கும்போது சாவைப் பற்றிப் பேசினால் அபசகுனம் என்று வாயை மூடுகிறோம். படுக்கையில் விழுந்த பிறகு சாவைத் தவிர வேறெதையும் நினைக்க முடிவதில்லை. "எங்கள் நாட்களை எண்ணும் அறிவை எங்களுக்குப் போதித்தருளும்" என்ற 90ஆம் சங்கீதத்தின் ஜெபம் நாற்பது வயதுக்காரருக்கும் உரியது. இரவு படுக்கும் முன் அன்றைய நாளை ஆராய்ந்து, மன்னிப்புக் கேட்டு, "பிதாவே, உம்முடைய கைகளில் என் ஆவியை ஒப்புவிக்கிறேன்" என்று சொல்லிப் பழகியவருக்கு அது கடைசி இரவிலும் வாயில் வரும்.

அதே பிரசங்கத்தில் லூதர் முதலில் சொத்தை ஒழுங்குபடுத்தச் சொல்கிறார், அடுத்து மன்னிக்கச் சொல்கிறார். அந்த வரிசை நமக்கென்றே எழுதப்பட்டது போலிருக்கிறது. யாழ்ப்பாணத்துக் காணிக்காக அண்ணன் தம்பி பல வருடங்களாகப் பேசாத வீடுகள் கொழும்பில் எத்தனை! மரணசாசனம் எழுதுவது உலகக் காரியம், ஆன்மாவுக்குச் சம்பந்தமில்லை என்று தள்ளிப்போடுவது தவறு. பின்னால் வரும் சண்டையைத் தடுப்பதும் அன்புதான். ரொறன்ரோவிலோ இலண்டனிலோ இருக்கும் தம்பி விமானம் ஏறி வரட்டும் என்று மன்னிப்பைத் தள்ளிவைக்கவும் வேண்டாம். இன்றிரவே அழையுங்கள். யார் சரி, யார் பிழை என்ற கணக்கை அந்த அழைப்பில் திறக்காதீர்கள்.

இன்னொன்று எனக்குக் கோபமூட்டுவது. ஜெபிக்க வருகிறவர்கள் சிலர், "உங்களுக்கு விசுவாசம் போதாது, அதனால்தான் சுகம் கிடைக்கவில்லை" என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். சிலுவைக்கு முந்திய இரவில் கெத்செமனே தோட்டத்தில் நம் ஆண்டவர் இயேசுவே மரணத்துக்கேதுவான துக்கம் கொண்டார், அந்தப் பாத்திரம் நீங்க வேண்டுமென்று மன்றாடினார். அவருக்கும் விசுவாசம் குறைவா? சுகத்துக்காக ஜெபியுங்கள், ஆனால் பயப்படும் உரிமையை நோயாளியிடமிருந்து பறிக்காதீர்கள். இப்படிப் பேசும் விருந்தாளியை வாசலிலேயே நிறுத்தப் பிள்ளைகளுக்கு உரிமை உண்டு.

இந்துக்களும் கிறிஸ்தவர்களும் கலந்த குடும்பங்களில் ஒரு சோதனை வரும். நினைவிழந்து கிடக்கும் இந்துத் தாத்தாவுக்கு அவசரமாக ஞானஸ்நானம் கொடுத்துவிடத் துடிப்பார்கள். வயது வந்தவர் தாமே விருப்பம் தெரிவிக்காமல் ஞானஸ்நானம் கொடுப்பதைக் கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டமே ஏற்பதில்லை. அவருக்காக ஜெபியுங்கள், அவரைக் கடவுளின் இரக்கத்தில் விடுங்கள்.

அடக்கத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மலர்ச்சாலையும் பெட்டியும் பத்திரிகை அறிவித்தலும் எப்படியும் நடந்துவிடும். ஆனால் கொழும்பின் கனத்தை மயானத்தில் அடக்கமா தகனமா என்ற கேள்வி துக்கத்தின் நடுவே சண்டையாக மாறுவதுண்டு. கத்தோலிக்கருக்குத் தகனம் 1963 முதல் அனுமதிக்கப்பட்டிருக்கிறது. அடக்கமே சிறந்தது என்று திருச்சபை இன்னும் பரிந்துரைக்கிறது. சாம்பலைக் கடலில் தூவக்கூடாது, புனிதமான இடத்தில் வைக்க வேண்டும் என்று 2016இல் வத்திக்கான் அறிவுறுத்தியது. உங்கள் விருப்பம் எதுவோ அதையும், எந்த வாசகம், எந்தப் பாட்டு என்பதையும் ஒரு தாளில் எழுதி, ஒரு பிரதியைப் போதகரிடமோ பங்குத்தந்தையிடமோ கொடுத்து வையுங்கள். மற்றப் பிரதி எந்த இலாச்சியில் இருக்கிறது என்று பிள்ளைகளில் ஒருவருக்காவது தெரிந்திருக்கட்டும்.