கழுவின காரை ஓட்டிக் காய வைக்காதீர்கள்

போன ஞாயிறு காலை எங்கள் ஒழுங்கையில் ஒரு தம்பி தன் கறுப்புக் காரைக் கழுவிக்கொண்டிருந்தான். நுரை போட்டது, அலசினது எல்லாம் அருமை. முடிந்ததும் வாளியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "அண்ணே, பாலத்தால ஒரு சுத்துப் போயிட்டு வாறன், காத்துக்குக் காஞ்சிரும்" என்று ஏறிப் போய்விட்டான். மட்டக்களப்புக் கல்லடியில் 11 வருடமாகக் கார் கழுவிக் கொடுக்கிறேன். தொடங்கின காலத்தில் நானும் இதையேதான் செய்தேன், வாடிக்கையாளர்களையும் ஈரத்தோடுதான் அனுப்பினேன். உச்சி வெயிலில் கழுவாதே, பாத்திரச் சோப் போடாதே என்பதெல்லாம் எல்லாரும் சொல்வது, அதை விட்டுவிடுகிறேன்.

ஓட்டிக் காய வைப்பது

கல்லடியிலிருந்து காத்தான்குடி வரை நாங்கள் இருப்பது வாவிக்கும் கடலுக்கும் நடுவிலுள்ள மணலில். கிணற்றில் சவரும் இருக்கும், சுண்ணாம்பும் இருக்கும். கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதுதான் காரிலும் படிகிறது. துளி காயும்போது தண்ணீர் மட்டும்தான் போகும். கல்சியம், மக்னீசியம், உப்பு எல்லாம் பெயின்டிலேயே தங்கிவிடும். துளியின் ஓரம் வேகமாகக் காய்வதால் நடுவிலுள்ள தண்ணீர் ஓரத்துக்கு ஓடி, தன்னிடம் இருப்பதை அங்கே கொண்டுபோய்ச் சேர்க்கிறது. கறையைக் கிட்டப் போய்ப் பாருங்கள், நடு வெளிறி ஓரம் தடித்த வளையமாக இருக்கும்.

ஓடினால் காற்று எல்லாத் தண்ணீரையும் அடித்துக்கொண்டு போய்விடும் என்று நினைக்கிறோம். போவது பெரிய துளிகள் மட்டும். சின்னத் துளிகள் பொனட்டில் ஒட்டியபடியே காயும், கீழே எஞ்சின் சூடு, மேலே வெயில். பக்கக் கண்ணாடிக்குள்ளும் கைப்பிடிக்குள்ளும் நின்ற தண்ணீர் வேகத்துக்கு வெளியே வந்து கதவில் கோடு கோடாக இழுபடும், அந்த ஈரத்தில் ரோட்டுப் புழுதியும் ஒட்டும். கச்சான் என்கிற வறண்ட காற்று வீசுகிற நாட்களில் இதெல்லாம் பாலத்தைத் தாண்டுவதற்குள்ளேயே நடந்துவிடும்.

எனக்கு இது புரிந்தது ஒரு கருநீலக் காரில். அந்த ஐயா ஞாயிறு தவறாமல் வருவார், கிணற்று நீரில் கழுவி ஈரத்தோடு விடுவேன், அப்படியே அம்பாறைக்குப் போய் நாள் முழுக்க வெயிலில் நிறுத்துவார். சில மாதத்தில் பொனட் முழுக்க வளையம். வினாகிரி போட்டேன், வெள்ளை போனது, வளையம் போகவில்லை. டோர்ச் அடித்துச் சரித்துப் பார்த்தால் ஒவ்வொரு வளையமும் குட்டிப் பள்ளமாக இருந்தது. படிவு வெயிலில் கிடந்து மேல் பூச்சையே அரித்திருக்கிறது. அதற்குப் பிறகு வழி ஒன்றுதான், கொம்பவுண்ட் என்கிற தேய்ப்புப் பசை போட்டு அந்தப் பூச்சையே கொஞ்சம் தேய்த்து எடுப்பது. நிறத்துக்கு மேலிருக்கும் தெளிந்த பூச்சு சுமார் 0.05 மில்லிமீற்றர்தான், தேய்த்தது திரும்ப வராது. இரண்டு நாள் வேலை, காசு வாங்கவில்லை. இன்றைக்கும் யாராவது "காத்துக்குக் காஞ்சிரும்" என்று சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது.

சரி, என்ன செய்வது? கிணற்று நீரில் கழுவினாலும் கடைசி அலசலுக்கு இரண்டு வாளி குழாய்த் தண்ணீர் வையுங்கள். குழாயில் வரும் உன்னிச்சைக் குளத்துத் தண்ணீர் எங்கள் கிணற்றைவிடக் குறைவாகத்தான் கறை விடுகிறது. தெளிக்காமல், கூரையிலிருந்து மெதுவாக ஊற்றுங்கள். தண்ணீர் ஒரே தகடாக வழிந்து தன்னோடு துளிகளையும் இழுத்துக்கொண்டு போகும், துடைக்க மிஞ்சுவது கொஞ்சம்தான். அப்புறம் பெரிய மைக்ரோஃபைபர் துணியை விரித்துப் போட்டு, அழுத்தாமல் உங்கள் பக்கம் இழுங்கள். கூரை, கண்ணாடிகள், பொனட், டிக்கி, பிறகு பக்கங்கள், கதவின் அடிப்பகுதி கடைசி. வாகனத்தை ஓட்ட வேண்டியது பிரேக் காய்வதற்காக, ஈர டிஸ்க் துருப்பிடிக்கும் என்பதால்; அதற்கு உடம்பைத் துடைத்த பிறகு ஒழுங்கை முனை வரை போய் நாலு தரம் பிரேக் பிடித்தால் போதும்.

பழைய துவாய், பழைய சாரம்

குளிக்கிற துவாய் மைக்ரோஃபைபர் அளவுக்குத் தண்ணீரைக் குடிக்காது, அதனால் கை தானாக அழுத்தித் தேய்க்கும். சாரத்தின் தையல் மடிப்பு கறுப்புப் பெயின்டில் மயிர்க்கோடு போடும், வெயிலில் பார்த்தால் சிலந்தி வலை மாதிரித் தெரியும்.

துணிக்கு சொஃப்ட்னர்

போடாதீர்கள். இழை அடைத்துத் தண்ணீர் குடிக்காமல் போகும்.

நிலத்தில் விழுந்த துணி

உதறிவிட்டுத் திரும்ப எடுக்காதீர்கள். இது மணல் ஊர்.

மறந்துபோகும் மூலைகள்

பக்கக் கண்ணாடி, கைப்பிடிக் குழி, பெற்றோல் மூடி, நம்பர் பிளேட், டிக்கி விளிம்பு. எல்லாம் துடைத்துப் பத்து நிமிடம் கழித்து ஒரு சின்னத் துணியோடு இன்னொரு சுற்று வாருங்கள். கட்டாயம் எங்கேயாவது வடிந்திருக்கும்.

காய்ந்த கறையை உலர்ந்த துணியால் தேய்ப்பது

அந்தப் படிவு கல் மாதிரி, தேய்த்தால் கீறும். வினாகிரியும் தண்ணீரும் சரி பாதி கலந்து, நிழலில், பெயின்ட் ஆறியிருக்கும்போது நனைத்த துணியை ஒரு நிமிடம் விரித்து வையுங்கள். பிறகு நன்றாக அலசித் துடைத்து, வெக்ஸ் பூசுங்கள், ஏனென்றால் வினாகிரி பழைய வெக்ஸையும் கொண்டுபோய்விடும்.

அந்தத் தம்பி பாலத்தால் திரும்பி வந்ததும் காரை எங்கள் மாமர நிழலில் நிறுத்தச் சொன்னேன். பொனட் ஆறும் வரை தேத்தண்ணி குடித்தோம், அப்புறம் இரண்டு பேரும் வினாகிரித் துணி போட்டோம். முதல் தரத்திலேயே முழுக்கப் போய்விட்டது, அன்றைய கறைதானே.