வெள்ளவத்தைக் கடைகளில் உங்கள் கறித்தூள்

முதல் தடவை ஒரு கடைக்கு 20 பக்கற்றுக்கு மேல் கொடுக்காதீர்கள். விற்ற பிறகு காசு என்ற பேச்சென்றால் விற்காதது திரும்பி வரும். 100 கிராம் 250 ரூபா, கடைக் கழிவு 20% என்று வையுங்கள், கையில் 200. தூள், பக்கற், லேபிள், ஓட்டோக் கூலி (இதைத்தான் பலர் மறப்பது) சேர்த்து 150 எனில் மிச்சம் 50. நாலு திரும்பி வீணானால், 16 விற்ற இலாபம் 800இல் அந்த நாலின் செலவு 600 போய்விடும்.

அரைத்த சூட்டோடு அடைத்தால் உள்ளே வேர்த்துக் கட்டிபடும், பூஞ்சணம் பிடிக்கும். அகலத் தட்டில் பரப்பி, முழுக்க ஆறிய பிறகே சீல் வையுங்கள்.

லேபிளில் நிறை, விலை, காலாவதித் திகதி, தொகுதி இலக்கம், முகவரி எல்லாம் மூன்று மொழியிலும் போடுங்கள். அதற்கு முன் உங்கள் பிரதேச செயலகத்தில் (வெள்ளவத்தையில் செய்கிறீர்கள் என்றால் திம்பிரிகஸ்யாய) வியாபாரப் பெயரைப் பதியுங்கள். பெயர் கிடைக்காவிட்டால் அச்சடித்த ஸ்டிக்கரெல்லாம் குப்பைதான்.