மரம் நட்டால் மட்டும் ஓடை பிழைக்காது: மலைக்காடுகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலை உச்சியில் புல்வெளியைப் பார்த்ததும் "சும்மா கிடக்கிற இடம், மரம் நடலாமே" என்று நினைப்பதுதான் முதல் தவறு. நீலகிரியில் இது 1840-களிலேயே தொடங்கிவிட்டது. விறகுக்காக ஆஸ்திரேலியாவிலிருந்து கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) சீகை மரமும் (வாட்டில்) வந்தன. விடுதலைக்குப் பிறகு, தோல் பதனிடும் பட்டைக்காகவும் ரேயான் கூழுக்காகவும் புல்வெளிகளிலேயே இவற்றைப் பெருமளவில் நட்டார்கள். தோடர்களின் எருமைகள் மேய்ந்த நிலம், கணக்கில் தரிசாக எழுதப்பட்டது.

அந்தப் புல்லும் பள்ளங்களில் நிற்கும் சோலைக்காடும் சேர்ந்துதான் மழைநீரை மண்ணுக்குள் இறக்கி, மழையில்லாத மாதங்களில் ஓடைக்குக் கொஞ்சம் கொஞ்சமாக விடுகின்றன. கிளென்மார்கன் பகுதியில் ஊட்டியின் மண்-நீர்ப் பாதுகாப்பு ஆராய்ச்சி மையம் அடுத்தடுத்த இரண்டு நீர்ப்பிடிப்புகளை, அதாவது ஓர் ஓடைக்கு மழைநீர் வந்து சேரும் பரப்புகளை, பல ஆண்டுகள் அளந்து பார்த்தது. ஒன்றை அப்படியே விட்டார்கள், மற்றொன்றின் புல்வெளியில் கற்பூர மரம் நட்டார்கள். நட்ட பகுதியில் ஓடைநீர், நட்டதிலிருந்து வெட்டும் வரையிலான முதல் சுற்றில் சுமார் 16 சதவீதம் குறைந்தது. வெட்டிய கட்டையிலிருந்து துளிர்த்த இரண்டாம் சுற்றில் குறைவு சுமார் 25 சதவீதம். வறண்ட மாதங்களின் நீரோட்டத்தில்தான் அடி பலமாக விழுந்தது. பைக்காராவும் மோயாறும் பவானிக்குப் போகின்றன, பவானி காவிரிக்குப் போகிறது. அதனால் மலைமேல் குறையும் நீர் சமவெளிக்காரர்களின் கவலையும்தான்.

சரி, அப்படியானால் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் வெட்டிவிடலாமா? இது முதல் தவறைவிட மோசமாக முடியலாம். சீகை விதை மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும். மேலே மரம் போய் வெயில் பட்டதும் கன்றுகள் அடர்ந்து கிளம்பும். அதற்கு முன்பே வடகிழக்குப் பருவமழை வந்துவிட்டால், மூடாக்கில்லாத சரிவின் மேல்மண் அணையில் போய்ப் படியும். பகுதி பகுதியாக எடுத்து, எடுத்த இடத்தில் உள்ளூர்ப் புல்லை ஊன்றி, முளைக்கும் சீகைக் கன்றுகளை ஆண்டுதோறும் பிடுங்க வேண்டும். அந்தப் பின்வேலைக்குப் பணமும் ஆளும் இல்லையென்றால் வெட்டவே தொடங்காதீர்கள்.

வெட்டினால் ஓடையில் சேறு மட்டும்தான் கலக்கும் என்று நினைப்பதும் தவறு. அமெரிக்காவின் ஹப்பர்ட் புரூக் காட்டில் 1965-66 குளிர்காலத்தில் ஒரு நீர்ப்பிடிப்பின் மரங்கள் அனைத்தையும் வெட்டி அங்கேயே போட்டார்கள். பிறகு களைக்கொல்லி அடித்து, மூன்று ஆண்டுகள் எதையும் வளரவிடவில்லை. ஓடையில் நைட்ரேட், குடிநீருக்கான வரம்பைத் தாண்டியது. மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் நைட்ரேட்டை உருவாக்கிக்கொண்டே இருக்கும், அதை உறிஞ்சிக்கொள்ள வேர்தான் இல்லை. அது கரைந்து போகும்போது கால்சியத்தையும் இழுத்துக்கொண்டு போயிற்று. கடுமையாக வேண்டுமென்றே செய்த சோதனைதான். ஆனால் வேர் இல்லாத மண்ணுக்கு என்ன ஆகும் என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டியது வேறெதுவும் எனக்குத் தெரியவில்லை.

தலைக்குமேல் கிளை அடர்ந்திருந்தால் மண் பத்திரம் என்ற நம்பிக்கையும் பரவலாக உண்டு. தேக்குத் தோட்டம் இதற்கு நல்ல மறுப்பு. அகன்ற இலையில் சேரும் நீர் பெரிய சொட்டாகி, உயரத்திலிருந்து மழைத்துளியைவிட பலமாக விழும். கீழே சருகும் செடியும் இருந்தால் பரவாயில்லை. சருகைக் கூட்டி அள்ளியோ தீ வைத்தோ தரையைச் சுத்தமாக்கிவிட்டால் மண் கரையத்தான் செய்யும். காட்டுத் தரை குப்பையாக இருக்கட்டும்.

அப்புறம், பலரும் கவனிக்காதது பாதை. வெட்டிய தடிகளைச் சரிவில் நேராக இழுக்கும் தடம் அடுத்த மழையில் வாய்க்காலாகிவிடும். கனரக வண்டி ஏறி இறுகிய மண்ணில் நீர் இறங்காது, ஓடையை நோக்கி ஓடும். வெட்டும் காடுகளில் ஓடைக்குப் போகும் சேற்றில் பெரும்பங்கு இந்தத் தடங்களிலிருந்தே வருகிறது. தடத்தைச் சரிவுக்குக் குறுக்காக அமையுங்கள், மண் ஈரமாக இருக்கும் நாட்களில் இழுக்காதீர்கள். ஓடையின் இருகரையிலும் ஒரு பட்டையை வெட்டாமல் விடுங்கள். வேலை முடிந்த தடத்தில் இடைவெளி விட்டுக் குறுக்கு வரப்பு போட்டு, ஓடும் நீரைப் பக்கத்துக் காட்டுக்குள் திருப்பிவிடுங்கள்.