வேலையில்தான் அடிபட்டது என்று நிரூபிப்பது எப்படி?

ஆத்தங்குடித் தரைக்கல் பட்டறையில் கல் வார்க்கும் கண்ணாடி கையைக் கிழித்தாலும், காரைக்குடிப் பழைய வீட்டு மராமத்தில் சாரம் சரிந்தாலும், இழப்பீடு கேட்பவர் காட்ட வேண்டியவை இரண்டு: வேலை நேரத்தில் நடந்தது, அந்த வேலையால் நடந்தது.

முதல் ஆதாரம் ஆஸ்பத்திரியின் விபத்துப் பதிவேடு. பல வழக்குகள் இங்கேதான் கெடுகின்றன. "வீட்ல வழுக்கி விழுந்தேன்னு சொல்லு, செலவை நான் பாத்துக்கிறேன்" என்று முதலாளி கெஞ்சுவார். தயவுசெய்து அப்படிச் சொல்லாதீர்கள். அந்த ஒரு வரியைப் பிறகு மாற்றுவது மிகக் கடினம். இடம், நேரம், செய்த வேலை மூன்றையும் டாக்டரிடம் சொல்லுங்கள். எழுதியதைப் படித்துப் பார்த்து நகல் கேளுங்கள்.

அன்றே சாரத்தையும் முறிந்த கம்பையும் போனில் படமெடுங்கள், மறுநாள் பிரித்துவிடுவார்கள். கூட நின்ற கொத்தனார், சித்தாள் பெயர்களைக் குறித்துக்கொள்ளுங்கள். கூலிக்குச் சீட்டு இல்லையென்றால் ஜிபே வரவும் மேஸ்திரியின் வாட்ஸ்அப் செய்தியும் உதவும்.

முன்பே முதுகுவலி இருந்ததே என்பார்கள். மூட்டை தூக்கியபோது அது முற்றியது என்று எலும்பு டாக்டர் காரணத்தோடு எழுதினால் கோரிக்கைக்கு வலு உண்டு.

முதலாளிக்கு எழுத்து அறிவிப்பைத் தாமதிக்காமல் ஒப்புகையோடு தபாலில் அனுப்புங்கள். ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) இருந்தால் அங்கேதான் கேட்க வேண்டும். இல்லாதவர்கள் சட்டம் சொல்லும் கெடுவுக்குள் தொழிலாளர் துறையில் மனு போட வேண்டும்.