வன்னிக் கரையில் காலை வெயில் விழும் காணி பார்ப்பது எப்படி

ஆடி மாதத்தில் வீட்டுக்குக் காணி பார்க்கப் போகாதீர்கள். அந்த நேரம் இலங்கையின் வடகிழக்குக் கரையில் கொக்கிளாயிலிருந்து சுண்டிக்குளம் வரை எல்லாக் காணியும் காய்ந்துதான் கிடக்கும். சோழகம் என்னும் தென்மேற்குக் காற்று தரைவழியே வந்து ஈரத்தை உறிஞ்சிவிடும். பள்ளமும் பிட்டியும் ஒரே நிறமாகத் தெரியும். காணியின் குணம் வெளிப்படுவது மார்கழி நடுவிலிருந்து மாசி வரைதான். மழை விட்ட மறுநாள், காற்று விழுந்த விடியலில் போய் நில்லுங்கள். பக்கத்துப் பக்கத்துக் காணிகள் இரண்டில் ஒன்றின் முற்றம் ஏழரைக்கே காயத் தொடங்கியிருக்கும். மற்றதில் ஒன்பது மணிக்கும் புகார் (மூடுபனி) கலையாது. நெல் காய்வதும், கருவாடு பழுதாகாமல் தப்புவதும், சுவரில் பாசி பிடிக்காமல் இருப்பதும், பிள்ளைகளின் உடுப்பு உலர்வதும் அந்த ஒன்றரை மணித்தியாலத்தில்தான் தங்கியிருக்கின்றன.

மழை கொட்டுகிற நாளில் எந்தப் பிட்டியிலும் வெயில் கிடையாது. நாம் தேடுவது மழை விட்ட நாளின் காலையை.

புகார் எங்கே படுக்கும்

தெளிந்த வானமும் அசையாத காற்றும் உள்ள இரவில் ஈரத்தரை வேகமாகச் சூட்டை இழக்கும். அதை ஒட்டிய காற்றுக் குளிர்ந்து கனத்து, தண்ணீரைப்போலவே பள்ளம் பார்த்து வழியும். அங்கே ஈரமும் இருந்தால் புகாராகும். ஆகவே அது படுக்கும் இடங்கள் வயல்வெளி, குளத்து அலைகரை, நந்திக்கடல், நாயாறு போன்ற பரவைகளின் (கடல்நீரேரிகளின்) ஓரம், தரவை என்னும் புல்வெளி. கடல் அப்படி இரவோடு இரவாகக் குளிர்வதில்லை. கரையில் காற்றும் முழுதாக விழுவது குறைவு. அதனால் கடலோரம் தெளிவாக இருக்கையில், ஒரு கிலோமீற்றர் உள்ளே வயலடியில் பனைகளின் தலை மட்டும் தெரியும்.

அப்படியானால் கடலுக்கு முன்னாலேயே குடியிருக்கலாமே என்று நினைக்கலாம். வேண்டாம். வாடை உப்புத் தூவானத்தை நேராகக் கொண்டுவந்து அடிக்கும். கூரைத் தகரமும் கொங்கிறீற்றுக்குள் இருக்கும் கம்பியும் துருப்பிடிக்கும். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை இந்தக் கரையில் என்ன செய்தது என்பதை முல்லைத்தீவில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. சட்டமும் உண்டு: 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரம் பேணல் சட்டப்படி, சராசரி உயர்நீர்க் கோட்டிலிருந்து தரைப்பக்கமாக 300 மீற்றர் கரையோர வலயம். அதற்குள் கட்டுவதற்கு அனுமதிப்பத்திரம் எடுக்கவேண்டும்.

நல்ல இடம் இரண்டுக்கும் நடுவே இருக்கிறது. கடலுக்கும் பரவைக்கும் இடையில் நீளமாக ஓடும் மணல் மேட்டின் முதுகும், முதுகிலிருந்து தரைப்பக்கம் சற்று இறங்கும் சரிவின் மேற்பாதியும். உப்புக்காற்று முதுகில் பட்டு மேலெழும்பும், புகார் கீழே தங்கும், வெயில் முதலில் இங்கேதான் விழும். உள்நாட்டில் இதே கணக்கு வயலுக்கு மேலே உள்ள மேட்டுக்காணிக்குப் பொருந்தும். குளக்கட்டின் கீழே, கட்டு உங்களுக்குக் கிழக்கில் நிற்கும்படியான வளவை மட்டும் விட்டுவிடுங்கள். கசிவு ஈரம் ஒருபுறம், காலை நிழல் மறுபுறம்.

நிழலை அளப்பது

முல்லைத்தீவு ஏறத்தாழ 9.3 பாகை வட அகலாங்கில் இருக்கிறது. அதனால் டிசம்பர் கடைசியில் சூரியன் நேர் கிழக்கில் உதிப்பதில்லை. கிழக்கிலிருந்து 24 பாகை தெற்கே தள்ளி உதிக்கிறது. ஜூனில் அதே அளவு வடக்கே. சித்திரைப் புத்தாண்டை ஒட்டியும் ஓகஸ்ட் கடைசியிலும் நண்பகலில் உச்சந்தலைக்கு மேலே நிற்கும். கோடையில் பார்த்துவிட்டு "முற்றம் முழுக்க வெயில்தானே" என்று வாங்கியவர்கள் மார்கழியில் ஏமாறுவது இதனால்தான். மாரியில் உங்கள் வெயிலை மறைப்பது தென்கிழக்கில் நிற்கும் மரம்.

தேவையானவை: நேரான ஒரு மீற்றர் தடி, தூக்குக்குண்டு, கயிறு, நாலு முளை. வீடு வரப்போகும் இடத்தில் தடியைச் செங்குத்தாக ஊன்றுங்கள். காலை பத்து மணியளவில் நிழலின் நுனியில் ஒரு முளை அடித்து, தடியை மையமாக வைத்து அந்த நீளத்தில் கயிற்றால் வட்டம் போடுங்கள். பிற்பகலில் நிழல் நீண்டு மறுபடி வட்டத்தைத் தொடும் இடத்தில் இரண்டாவது முளை. இரண்டு முளையையும் இணைக்கும் கோடு கிழக்கு மேற்கு. பழைய மேசன்மார் சங்கு என்னும் முளை நாட்டித் திசை பார்ப்பது இதே முறைதான். கைத்தொலைபேசியின் திசைகாட்டி இரும்புக் கேற்றுக்குக் கிட்ட நின்றால் பிழையாகக் காட்டும். தடி பிழைக்காது, சரிந்து நின்றால் தவிர.

இனிக் கணக்கு. டிசம்பர் கடைசியில் காலை எட்டு மணிக்கு நிழல், பொருளின் உயரத்தைப்போல் இரண்டரை மடங்கு. ஒன்பது மணிக்கு ஒன்றரை மடங்கு. நண்பகலில் ஒரு மீற்றர் தடிக்கு 64 சென்ரிமீற்றர் நிழல், வடக்குப் பக்கமாக. தென்கிழக்கில் 12 மீற்றர் உயரமான சவுக்கு வரிசை இருந்தால் எட்டு மணிக்கு அதன் நிழல் 30 மீற்றர் வரும். வீடு அதற்குள் விழுகிறதா என்று கயிறு பிடித்துப் பாருங்கள். ஒற்றைப் பனை பரவாயில்லை, நிழல் ஓடிப்போய்விடும். அடர்ந்த மா, புளி, சவுக்கு வரிசைதான் தொல்லை.

மேற்குப் பக்கம் இதற்கு நேர் எதிர். அங்கே மரம் வேண்டும். வைகாசி தொடங்கிப் புரட்டாதி வரை மாலை வெயிலும் சோழகமும் சேர்ந்து சுவரைச் சுட்டுவிடும். மேற்கில் வேம்பும் பூவரசும் நிற்கும் வளவு கிடைத்தால் விலை சற்றுக் கூடினாலும் விடாதீர்கள். வேம்பு நிழல் தர ஆண்டுக்கணக்கில் ஆகும்.

கூரையில் சோலார் வைப்பதானால் தெற்கு நோக்கி ஏறத்தாழ 10 பாகை சரிவு போதும். காலை ஒன்பதிலிருந்து பின்னேரம் மூன்று வரை நிழல் படக்கூடாது. ஒரு பலகையின் மூலையில் தென்னோலை நிழல் விழுந்தாலே தொடராக இணைத்த வரிசை முழுவதின் மின்னோட்டமும் குறையும்.

தண்ணீர் நிற்குமா

வெயில் விழுந்தாலும் கீழே தண்ணீர் நின்றால் தரை காயாது. நடந்துகொண்டே செடிகளைப் பாருங்கள். கோரையும் சம்பும் இருந்தால் நிலம் மாதக்கணக்கில் ஊறுகிறது. உமிரி இருந்தால் உப்பு. மருதமரம் தண்ணீருக்குக் கிட்ட நிற்கும் மரம். பாலை, வீரை, விளாத்தி நிற்கும் நிலம் பெரும்பாலும் நீர் வடியும் மேடு. வேலிக்கம்பியில் தொங்கும் காய்ந்த சருகும், பனையடியில் சேற்று நிறம் மாறும் கோடும் பழைய வெள்ளத்தின் உயரத்தைச் சொல்லும்.

பரவையோரக் காணிக்கு ஒரு கேள்வி கட்டாயம்: பரவை கடலோடு சேரும் முகத்துவாரம் வெட்ட முன் தண்ணீர் எதுவரை வந்தது? கோடையில் மணல் மூடிய வாய் திறக்கும்வரை மழைநீர் உள்ளேயே ஏறும். ஆண்டின் உயர்ந்த மட்டம் அதுதான். கனகராயன் ஆற்றின் கீழ்ப்பக்கம் என்றால் 2018 டிசம்பரில் இரணைமடுக் குளத்துக் கதவுகள் திறந்தபோது தண்ணீர் எங்கே நின்றது என்று கேளுங்கள். சொன்ன இடத்திலிருந்து வீட்டு இடத்துக்கு, தண்ணீர் நிரப்பிய தெளிவான குழாயால் மட்டம் பாருங்கள். குழாய்க்குள் காற்றுக்குமிழி இருந்தால் அளவு பிழைக்கும். ஒரு முனையை உயர்த்தித் தட்டி வெளியேற்றிவிட்டுப் பார்க்கவேண்டும். அந்த வெள்ளக் கோட்டுக்கு மேலே இரண்டடியாவது வீட்டுத்தளம் நிற்கட்டும்.

கிணற்றுக்கு மட்டும் காலம் வேறு: ஆவணி, புரட்டாதியில், மழைக்கு முன், பின்னேரம் இறைத்து முடித்தபின் குடித்துப் பாருங்கள். மணலில் நன்னீர் உப்புநீரின் மேல் மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் ஓரடி நன்னீருக்குக் கீழே நாற்பதடி வரை நன்னீர் என்பது கணக்கு. மோட்டர் போட்டு மேலே ஓரடி இறக்கினால் கீழிருந்து உப்பு எவ்வளவு ஏறும் என்று யோசியுங்கள். ஆழக் குழாய்க்கிணறு இங்கே ஆபத்து. அகலமான, ஆழங்குறைந்த கிணறும் சிறிய மோட்டரும்தான் சரி.

பற்றைக்குள் முளை அடிக்கவோ குழி தோண்டவோ முன், காணி மிதிவெடி அகற்றி விடுவிக்கப்பட்டதா என்று கிராம அலுவலரிடம் கேட்டே ஆகவேண்டும். உறுதி (உரிமைப் பத்திரம்) உள்ள காணியா, அரச அனுமதிப்பத்திரக் காணியா, வன இலாகா எல்லைக்குள் வருகிறதா என்பதைப் பிரதேச செயலகத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

முற்பணம் கொடுக்க முன் ஒருதடவை தென்கிழக்கு எல்லை வேலிக்கு மேலால் எட்டிப் பாருங்கள். அங்கே அயலவர் இப்போதுதான் நட்ட மாங்கன்றுகள் வரிசையாக நின்றால், பத்து ஆண்டில் உங்கள் எட்டு மணி வெயில் அவற்றின் நிழலுக்குள் போய்விடும். வீட்டை வடமேற்கு மூலைக்குத் தள்ள இடமிருக்கிறதா என்று அப்போதே அளந்துவிடுங்கள்.