முதல் டிஎஸ்எல்ஆர்: இரண்டாவது லென்ஸ் வாங்குவதற்கு முன்

கேமரா வாங்கிய முதல் வாரத்திலேயே "அடுத்து எந்த லென்ஸ் வாங்கலாம்?" என்று கேட்பவர்கள்தான் அதிகம். என் பதில்: பெட்டியோடு வந்த 18-55 லென்ஸிடமே (கிட் லென்ஸ்) கேளுங்கள். எப்படிக் கேட்பது என்று படிப்படியாகப் பார்ப்போம். கேனான் 1500டி, நிக்கான் டி3500 போன்ற தொடக்கநிலை கேமராக்களை மனதில் வைத்து எழுதுகிறேன்.

படி 1: லென்ஸில் உள்ள எண்களைப் படியுங்கள்

18-55 மி.மீ. என்பது குவியத் தூரம். 18-இல் அகன்ற காட்சி கிடைக்கும். 55-இல் காட்சி குறுகி, பொருள் பெரிதாகத் தெரியும். பக்கத்தில் 3.5-5.6 என்று இருப்பது, அப்பர்ச்சர், அதாவது லென்ஸுக்குள் ஒளி நுழையும் துளை, அதிகபட்சம் எவ்வளவு திறக்கும் என்பதைச் சொல்கிறது. எண் சிறியதானால் திறப்பு பெரிது. இது முதலில் எல்லோரையும் குழப்பும், பழகிவிடும். 18-இல் 3.5 வரை திறக்கும் இந்த லென்ஸ், 55-க்குப் போனால் 5.6-க்கு மேல் திறக்காது.

படி 2: ஆட்டோவை விட்டு வெளியே வாருங்கள்

மேலே உள்ள டயலை கேனானில் ஏவி, நிக்கானில் ஏ என்ற இடத்துக்குத் திருப்புங்கள். இனி அப்பர்ச்சரை நீங்கள் சொல்வீர்கள், ஷட்டர் வேகத்தை, அதாவது எவ்வளவு நேரம் ஒளி உள்ளே விழ வேண்டும் என்பதை, கேமரா பார்த்துக்கொள்ளும். நேரடியாக, எல்லாவற்றையும் நாமே அமைக்கும் மேனுவலில் இறங்கினால்தான் கற்க முடியும் என்று சிலர் அடித்துச் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒரு நேரத்தில் ஒன்றைக் கற்பதே போதும்.

ஐஎஸ்ஓவை (சென்சார் ஒளியை உணரும் திறன்) வெயிலில் 100, வீட்டுக்குள் 1600 என்று தொடங்குங்கள். ஃபோகஸ் புள்ளியை நடுப் புள்ளி ஒன்றுக்கு மட்டும் மாற்றி, அதை ஆளின் கண்மேல் வைத்து பட்டனைப் பாதி அழுத்துங்கள். ஃபோகஸ் ஆனதும், அழுத்திய விரலை எடுக்காமல் ஃபிரேமைச் சரிசெய்து முழுதும் அழுத்துங்கள்.

படி 3: மூன்று பயிற்சிகள்

வீட்டில் ஒருவரை வாசலில் நிற்க வையுங்கள். பின்னால் நாலைந்து மீட்டர் இடம் இருக்கட்டும். 55-இல், அப்பர்ச்சரை 5.6-இல் (எஃப்/5.6 என்று எழுதுவார்கள்) வைத்து ஒரு படம், எஃப்/16-இல் ஒரு படம். பின்னணி எவ்வளவு மாறுகிறது என்று பாருங்கள்.

அப்புறம் அதே முகத்தை, ஃபிரேமில் அதே அளவு வரும்படி, 18-இல் கிட்டப்போய் எடுங்கள். மூக்கு பெரிதாகி, காதுகள் பின்வாங்கும். லென்ஸைவிட நீங்கள் நிற்கும் தூரம்தான் இதற்குக் காரணம். ஜூம் வளையத்தைத் திருப்பும் முன் எங்கே நிற்பது என்று முடிவுசெய்யும் பழக்கம் இங்கேதான் தொடங்குகிறது.

மூன்றாவது, மாலையில் வீட்டுக்குள் ஓடும் குழந்தையை எடுத்துப் பாருங்கள். படம் கலங்கியிருக்கும். லென்ஸில் உள்ள அதிர்வுக் கட்டுப்பாடு உங்கள் கை நடுக்கத்தைத்தான் சமாளிக்கும், குழந்தையின் ஓட்டத்தை அல்ல. அதற்கு 1/250 விநாடி மாதிரி வேகம் வேண்டும், அந்த வேகத்துக்கு வெளிச்சம் வேண்டும்.

படி 4: உங்கள் படங்களை எண்ணுங்கள்

சில வாரம் இப்படி எடுத்த பிறகு, விண்டோஸ் கணினியில் படத்தின்மேல் ரைட் கிளிக் செய்து பிராப்பர்டீஸ், டீடெய்ல்ஸ் போனால் குவியத் தூரம் தெரியும். பெரும்பாலான படங்கள் எந்த எண்ணில் குவிகின்றன?

எப்போதும் 55-இல் முட்டிக்கொண்டு "இன்னும் கொஞ்சம் கிட்டத் தெரிந்தால்" என்று தோன்றுகிறதா? பறவை, விளையாட்டு, மேடை நிகழ்ச்சி எடுப்பவருக்கு இது நடக்கும். அவர்களுக்கு கேனானில் 55-250, நிக்கானில் 70-300. ஆனால் இவையும் வெளிச்சம் குறைந்தால் திணறும்.

வெளிச்சம்தான் குறை என்றால் 1.8 திறப்புள்ள, ஜூம் இல்லாத ஒற்றைக் குவிய லென்ஸ். 5.6-ஐவிட ஏறக்குறைய பத்து மடங்கு வெளிச்சம் உள்ளே வரும். எல்லோரும் 50 மி.மீ.யைச் சிபாரிசு செய்வார்கள். முகங்களுக்கு அருமை. ஆனால் இந்தக் கேமராக்களின் சென்சார் சிறியது என்பதால், கேனானில் அது, பெரிய சென்சார் உள்ள முழு ஃபிரேம் கேமராவில் 80 மி.மீ. தரும் குறுகிய காட்சியைத்தான் தரும். நம் வீட்டு ஹாலில் நாலு பேரை ஒரே படத்தில் அடக்கச் சுவர்மேல் சாய வேண்டியிருக்கும். வீட்டுக்குள்ளேயே அதிகம் எடுப்பவர்கள், நிக்கானில் 35 எஃப்/1.8, கேனானில் 24 எஃப்/2.8 பக்கம் பாருங்கள். வாங்கும் முன் கிட் லென்ஸை 50-இல் வைத்து, ஜூமைத் தொடாமல் ஒரு நாள் சுற்றினால் சந்தேகம் தீர்ந்துவிடும்.

படி 5: பொருந்துமா?

கேனான் 1500டி போன்றவற்றில் இஎஃப், இஎஃப்-எஸ் வகை லென்ஸ்கள் பொருந்தும், மிரர்லெஸ் கேமராக்களுக்கான ஆர்எஃப் வகை பொருந்தாது. நிக்கான் டி3500-க்குள் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. தனக்குள் மோட்டார் இல்லாத பழைய ஏஎஃப்-டி வகை 50 மி.மீ. லென்ஸ் மலிவாகக் கிடைத்தாலும் கையால்தான் ஃபோகஸ் செய்ய வேண்டும். லென்ஸுக்குள்ளேயே மோட்டார் உள்ள ஏஎஃப்-எஸ் அல்லது ஏஎஃப்-பி என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்.

செகண்ட் ஹேண்டில் வாங்குவதாக இருந்தால் போன் டார்ச்சை ஒரு பக்கம் அடித்து, மறுபக்கத்திலிருந்து சாய்வாகப் பாருங்கள். நிக்கான் லென்ஸில் பின்னாலுள்ள சின்ன நெம்புகோலைத் தள்ளினால்தான் அப்பர்ச்சர் திறக்கும். உள்ளே சிலந்தி வலை போல் இழைகள் தெரிந்தால் பூஞ்சை. விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம். நாலு தூசித் துகள்கள் இருந்தால் பரவாயில்லை, படத்தில் தெரியாது. கடலோர ஊர்க்காரர்கள் வாங்கிய லென்ஸைத் தோல் பையில் மாதக்கணக்கில் பூட்டி வைக்காமல், காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். ஜெல் நிறம் மாறினால் சூடாக்கி மீண்டும் பயன்படுத்தலாம்.